அட்டைக்கு வைத்த உப்பு

காட்டுக்குள்ளே ஒரு கரட்டுப் பாறை இருந்தது. அந்தப் பாறையின் மடியில் ஒரு சுனை. மழைக்காலத்தில் யானைக்குட்டி இறங்கிக் குளிக்கலாம். கோடை வந்தால் மாட்டுத் தொட்டி அளவுக்குச் சுருங்கிப்போகும். ஆனாலும் வற்றாது. ஏனென்றால் அடியில் ஓர் ஊற்றுக்கண் இருந்தது. தவளை ஒன்று ஒடுங்கி நுழையலாம், அவ்வளவுதான் அதன் வாய். அது உள்ளே இருந்து குளிர்ந்த தண்ணீரைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சுகிற தண்ணீர் எதிர்ப்பக்கத்து வெடிப்பு வழியாக வெளியே போய்விடும். வருகிற தண்ணீர் வரும், போகிற தண்ணீர் போகும், சுனை சுனையாகவே இருக்கும்.

அங்கே தவளைகள் குடியிருந்தன.

பிள்ளைகளா, தவளை வாய் வைத்துத் தண்ணீர் குடித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது. வயிற்றைத் தண்ணீரில் வைத்து உட்கார்ந்தால் போதும், அதன் தோலே குடித்துக்கொள்ளும். அந்தச் சுனைத் தவளைகளுக்கு இதில் பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

"மான் தண்ணிக்குத் தலை குனியுது. புலிகூடத் தலை குனியுது. நாம குனியறமா? உக்காந்தோம், தாகம் தீந்துச்சு!" என்று அவர்களின் தலைவர் பெருவாயன் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். மற்றத் தவளைகள், "ஆமா ஆமா" என்று கத்தும்.

அந்தக் கூட்டத்தில் மரகதம் என்று ஒரு தவளை. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. நல்ல மனசுக்காரி, ஆனால் முன்கோபக்காரி. கோபம் வந்துவிட்டால் எதிரில் இருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது.

சித்திரையில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தது. அந்த ஈரத்தில் மரகதம் சுனையின் ஓரமாக முட்டையிட்டாள். ஊறவைத்த சப்ஜா விதையைப் பார்த்திருப்பீர்களே, அப்படி இருக்கும் தவளை முட்டை. வெளியே கண்ணாடி மாதிரி ஒரு கொழகொழப்பு. அதற்குள்ளே வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு சவ்வு. சவ்வுக்குள்ளே கறுப்பாக ஒரு மணி. அந்த மணிதான் வாலும் காலும் முளைத்து நாளைக்கு நீந்தப்போகிற பிள்ளை. மரகதம் வேறு வேலையே இல்லாதவள் போல அந்த முட்டைக் கொத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் சுனைக்கு அட்டைகள் வந்தன.

தண்ணீர் குடிக்க வந்த ஏதோ ஒரு காட்டெருமையின் காலில் ஒட்டிக்கொண்டு வந்து, இங்கேயே தங்கிவிட்டன. தவளைகளின் தொடையில் ஒட்டி ரத்தம் குடித்தன. அது போதாமல் முட்டைகளின் மேலும் ஏறின. விடிந்து பார்த்தால் கொத்து சிறுத்திருக்கும். நேற்று கறுப்பு மணி இருந்த இடத்தில் இன்று வெறும் கொழகொழப்பு மிதக்கும்.

"ஏ நாசமாப் போறவனே! அது என் பிள்ளைடா!" என்று மரகதம் ஒரு தடித்த அட்டையின் மேல் பாய்ந்தாள்.

அட்டை அவசரமே படவில்லை. "ஏன் இப்படிக் கத்துற? நீ கொசு தின்னும்போது அதோட அம்மாகிட்டக் கேட்டுட்டா திங்குற?" என்றது.

மரகதம் அதைக் காலால் உதைத்தாள். அது அவள் காலிலேயே ஒட்டிக்கொண்டது.

அழுதுகொண்டே பெருவாயனிடம் போனாள். "பெரியப்பா, பாதி முட்டை போச்சு. ஏதாச்சும் பண்ணுங்க."

பெருவாயன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அட்டைன்னா ஒட்டத்தான் செய்யும். விடு. அடுத்த மழைக்கு இன்னொரு ஈடு முட்டை போட்டாப் போச்சு."

"இந்தப் பிள்ளைங்க?"

"பேரா வச்சிருக்கே அதுகளுக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் திறந்த கண்ணையும் மூடிக்கொண்டார்.

மரகதத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுனைச் சுவரில் ஏறி, நிழலான ஓர் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரத்தில் ஒரு கடமான் தண்ணீர் குடிக்க வந்தது. குடித்துவிட்டு நிமிர்ந்தபோது அதன் உதட்டில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மான் தலையை உதறியது. அட்டை விடவில்லை. பாறையில் தேய்த்தது. அப்போதும் விடவில்லை. மான் சலித்துப்போய் மேல்தட்டுப் பாறைக்கு ஏறியது.

அந்த மேல்தட்டில் ஒரு பெரிய உப்புக்கட்டி கிடந்தது. கோடையில் மான்கள் நக்குவதற்காகக் காட்டுக் காவலர்கள் கொண்டுவந்து வைத்தது. மான் அதை நக்கத் தொடங்கியது. இரண்டு நக்கு நக்கியிருக்காது, உதட்டில் இருந்த அட்டை சட்டென்று பிடியை விட்டது. கீழே விழுந்து துடித்தது. அதன் உடம்பில் இருந்து தண்ணீராக வழிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெயிலில் காயப்போட்ட வற்றல் மாதிரிச் சுருண்டுபோய்க் கிடந்தது.

மரகதம் இடுக்கைவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கல்லு மட்டும் நம்ம சுனைக்குள்ள இருந்தா!" என்று வாய்விட்டே சொன்னாள்.

"இருக்கலாமே!" என்று பின்னால் ஒரு குரல் வந்தது.

காரைப் புதருக்குள் நரி கருவாலன் படுத்திருந்தது. அந்தச் சுனைத் தவளைகள் மேல் அதற்கு வெகுகாலமாகவே ஒரு கண். ஆனால் அது பாறை விளிம்பில் கால் வைத்த உடனே தவளைகள் எல்லாம் தொபுக் தொபுக்கென்று குதித்து, ஊற்றுக்கண்ணுக்குள் நுழைந்துவிடும். கருவாலன் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

மரகதம் குதிக்கத் தயாராகக் கால்களை மடக்கினாள்.

"குதிக்காதே தங்கச்சி. நான் திங்க வரலை."

"நரி வேற எதுக்கு வரும்?"

"துக்கம் விசாரிக்க வந்தேன். உன் பிள்ளைகளை அட்டை தின்னுட்டதாக் காடே பேசுது. எனக்கும் குட்டி இருக்கு. கேட்டதுல இருந்து சோறு தண்ணி இறங்கலை."

அதன் கண்களில் தண்ணீர்கூட நின்றது. மரகதத்தின் பிள்ளைகளைப் பற்றி அன்றுவரை யாருமே ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் கால்களைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

"அந்தக் கல்லை உருட்ட உங்களால முடியாது. என்னால முடியும். மேல இருந்து முட்டித் தள்ளினா நேரா சுனைக்குள்ளதான் விழும். அட்டை ஒண்ணு மிஞ்சாது. உன் தலைமேல சத்தியம்."

"எங்களுக்கு ஒண்ணும் ஆகாதே அண்ணே?"

"கடமான் தினம் நக்குதே, அதுக்கு என்ன ஆச்சு? கொழுத்துப்போய் நிக்குது. பாத்தேல்ல?"

பார்த்தாள்தான். மான் மினுமினுவென்று நின்றுகொண்டிருந்தது.

"ஆனா ஒரு காரியம் நீங்க செய்யணும்," என்று கருவாலன் குரலைத் தாழ்த்தியது. "அந்த ஊற்றுக்கண்ணை நல்லா அடைச்சிரணும். இல்லைன்னா அட்டையெல்லாம் அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். எதிர்ப்பக்கத்து வெடிப்பையும் அடைச்சிருங்க. புதுத் தண்ணி வந்து, இருக்கிற தண்ணி போயிட்டே இருந்தா மருந்து எங்க நிக்கும்? கரைஞ்சு ஓடிரும்."

"செய்றோம்!" என்றாள் மரகதம். யோசிக்கவே இல்லை.

"செய்யாதே அக்கா!" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது.

சுவரில் பாசிக்கு நடுவே ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் சுருளி. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வரலாம், அவ்வளவு இழுத்து இழுத்துப் பேசும். அன்றைக்கு என்னவோ வேகமாகவே பேசியது.

"உப்பு அட்டையைக் கடிக்கிறதில்லை அக்கா. அதுக்குப் பல்லா இருக்கு? அது வெளிய நின்னுக்கிட்டு, உள்ள இருக்கிற தண்ணியைக் கூப்பிடும்."

"உளறாதே."

"உளறலை. உடம்புன்னா என்னன்னு நினைச்சே? தண்ணிப் பொட்டலம். ஒண்ணா ரெண்டா, கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிப் பொட்டலம், லட்சம் கோடி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சவ்வு சுத்தியிருக்கு. அந்தச் சவ்வுல வாசல் இருக்கு. தண்ணிக்கு அது திறந்த வாசல், போகலாம் வரலாம். உப்பால லேசுல நுழைய முடியாது, வெளியவே நிக்கும். வெளிய உப்பு கூடிப்போச்சுன்னா, உள்ள இருக்கிற தண்ணி தானா எந்திருச்சு அந்தப் பக்கம் நடந்துரும். யாரும் தள்ள வேண்டாம், இழுக்க வேண்டாம். பொட்டலம் சுருங்கிப்போயிரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சுருளி மெதுவாகத் திரும்பித் தன் அடிப்பாகத்தைக் காட்டியது. ஓரத்தில் ஒரு துண்டு பொருக்கு தட்டி வெளுத்துப்போயிருந்தது. "போன கோடையில வச்ச கல்லு மேல தெரியாம ஏறிட்டேன். பட்ட இடம் நுரைச்சுது. என் தண்ணி என் கண்ணு முன்னாலயே என்னை விட்டு ஓடுச்சு. அட்டைக்கு இருக்கிற அதே தோலுதான் அக்கா எனக்கும். உனக்கும் அப்படித்தான். மான் வாயால நக்குது, அதோட தோலு தண்ணியை விடாது. நீ தோலாலயே குடிக்கிறவ. உன் முட்டை இன்னும் மெல்லிசு, அதுவும் ஒரு பொட்டலந்தானே!"

மரகதம் தயங்கினாள். உண்மையாகவே தயங்கினாள். முட்டைக் கொத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

கருவாலன் சிரித்தது. சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை, மூக்கால் சிரித்தது.

"யாரு பேசுறதுன்னு பாத்தியா தங்கச்சி? எலும்பு கிடையாது. உடம்பு முழுக்க வழவழப்பு. நடை பாரு, ஊர்ந்து ஊர்ந்து. நல்லாப் பாரு, முதுகுல இருக்கிற ஓட்டைக் கழட்டிட்டா அட்டைக்குப் பெரியம்மா மகன். சொந்தக்காரனுக்குப் பரிஞ்சு பேசாம என்ன செய்வான்?"

மரகதம் சுருளியைப் பார்த்தாள். பிறகு தன் காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே வழவழப்பு. அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. தன் கையைத் திருப்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

"அப்படியா சேதி? என் பிள்ளைங்களைத் தின்னவனோட ஆளாடா நீ?"

"அக்கா, நான் சொல்றதை..."

"ஏய், போடா! இன்னொரு வார்த்தை பேசினே, ஓட்டோட உருட்டிவிட்ருவேன்."

நத்தை கொம்புகளை உள்ளே இழுத்துக்கொண்டது.

மரகதம் சுனைக்குள் குதித்து, எல்லாத் தவளைகளையும் கூட்டினாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். சில தவளைகள் முகத்தைச் சுளித்தன.

"நரி பேச்சைக் கேக்கலாமா?" என்றது ஒன்று.

"அந்த நத்தைப்பயல் என்னமோ சொன்னானாமே?" என்றது இன்னொன்று.

எல்லாரும் பெருவாயனைப் பார்த்தார்கள். அன்றைக்குக் காலையில்தான் அவர் முதுகில் ஓர் அட்டை ஏறியிருந்தது. கைக்கு எட்டாத இடம். அதனால் அவருக்கும் இப்போது விஷயத்தின் அவசரம் புரிந்திருந்தது.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதுல பயப்பட என்ன இருக்கு? விஷம் எப்படி ஏறும்? வாய் வழியாத்தான் ஏறும். மான் குடிச்சா மானுக்கு ஏறும், பன்னி குடிச்சாப் பன்னிக்கு ஏறும். நாம என்னைக்காவது தண்ணியில வாய் வச்சிருக்கமா? நம்ம பரம்பரையிலேயே கிடையாது! வாயே வைக்காதவனுக்கு எந்தத் தண்ணி என்ன செய்யும்?"

"ஆமா ஆமா!" என்று கூட்டம் கத்தியது.

உடனே வேலை தொடங்கியது. ஒருவர் களிமண் சுமந்தார், ஒருவர் பாசி பறித்தார், ஒருவர் சருகு இழுத்தார். ஊற்றுக்கண்ணில் திணித்துத் திணித்துக் காலால் மிதித்தார்கள். சின்னத் தவளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தன. எதிர்ப்பக்கத்து வெடிப்பையும் பூசி மெழுகினார்கள். மரகதம் எல்லாரையும்விட அதிகமாகச் சுமந்தாள். ஒரு சொட்டுக்கூடக் கசியாத அளவுக்கு அடைத்துவிட்டு, அதன்மேல் ஒரு கூழாங்கல்லையும் உருட்டி வைத்தாள்.

சுருளி சுவரில் மேலே மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பாதியில் நின்று கூப்பிட்டது.

"அக்கா, நான் போறேன். நீயும் மேல வந்திரு."

"என் முட்டை?"

சுருளி கண்கொம்பைத் திருப்பி முட்டைக் கொத்தைப் பார்த்தது.

"அப்ப நீ போ," என்றாள் மரகதம்.

சுருளி உயரத்தில் ஒரு பாறை மடிப்புக்குள் போய் ஒட்டிக்கொண்டு, ஓட்டுக்குள் ஒடுங்கி, தன் வாசலைத் தன் எச்சிலாலேயே மூடிக்கொண்டது.

கருவாலன் மேல்தட்டில் ஏறி, உப்புக்கட்டியைத் தலையால் முட்டித் தள்ளியது. மான்கள் நக்கி நக்கி வழவழப்பாகியிருந்த கட்டி. ஒரு தள்ளு, இரண்டு தள்ளு, கடகடவென்று உருண்டு வந்து சுனைக்குள் தொபீரென்று விழுந்தது. தண்ணீர் விளிம்புவரை எழும்பி அடங்கியது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அட்டைகள் நெளிந்தன.

தவளைகளின் தொடையில் இருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. முட்டைக் கொத்தின் மேல் இருந்தவையும் விழுந்தன. சுருண்டன, விரிந்தன, மறுபடியும் சுருண்டன. பெருவாயன் முதுகில் இருந்தது விழுந்தபோது அவர், "ஹா!" என்று துள்ளினார். சுனையே கொண்டாடியது. அப்படி ஒரு கத்தல் அந்தக் காட்டில் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்தத் தடித்த அட்டை மரகதத்தின் பக்கத்தில் கிடந்தது. "மரகதம்," என்று முனகியது. "தண்ணிக்குள்ளதான் இருக்கேன். ஆனா தாகமா இருக்கு."

"குடிச்ச ரத்தத்தைக் கேளு, தரும்!" என்றாள் மரகதம். சிரித்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அட்டை இன்னொரு தடவை சுருண்டது, பிறகு விரியவில்லை.

வெயில் ஏறியது. உப்புக்கட்டி அடியில் கரைந்துகொண்டே இருந்தது. கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"தாகமா இருக்கு," என்றது ஒரு சின்னத் தவளை.

"தாகம்னா உக்காரு," என்றார் பெருவாயன்.

அது வயிற்றைத் தண்ணீரில் நன்றாக அமுக்கி உட்கார்ந்தது. அதற்குத் தெரிந்த வழி அதுதானே. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கூடுதலாத் தாகமா இருக்கு," என்றது.

"இன்னும் நல்லா உக்காரு. கழுத்துவரைக்கும் உக்காரு."

எல்லாத் தவளைகளும் கழுத்துவரைக்கும் உட்கார்ந்தன. உட்கார உட்காரத் தோல் இழுத்தது. தாகம் ஏற ஏற இன்னும் அமிழ்ந்தன. அமிழ அமிழ இன்னும் தாகம் ஏறியது. மினுமினுப்பாக இருந்த முதுகுகள் மங்கிச் சுருக்கம் விழுந்தன. பெருவாயனின் பெரிய தொண்டைப்பை வெறும் தோலாகத் தொங்கியது. அவர் வாயைத் திறந்தார். பரம்பரையிலேயே இல்லாத காரியம், தண்ணீரை ஒரு மிடறு வாயால் குடித்துப் பார்த்தார். கண்கள் பிதுங்கின.

"கரிக்குது," என்றார். அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஊற்றுக்கண்ணுக்குப் பாய்ந்தவர்கள் பாய்ந்தார்கள். பறித்தார்கள், கீறினார்கள், கூழாங்கல்லைத் தள்ளினார்கள். காலில் வலு இல்லை. அவர்களே பாட்டுப் பாடி மிதித்த மண், கல்லாய் இறுகிக் கிடந்தது.

மற்றவர்கள் சுனையை விட்டு வெளியே குதித்தார்கள். விளிம்பில் கருவாலன் முன்னங்கால்களை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தது. துரத்தவே வேண்டியிருக்கவில்லை. தவளைகள் தத்தித் தத்தி அதன் வாய்க்கு நேராகவே வந்தன.

"வா வா, மெதுவா வா. அவசரமே இல்லை," என்று ஒவ்வொன்றையும் வரவேற்றது. "எனக்கு உப்புக்கண்டம்னா உசிரு."

மரகதம் வெளியே போகவில்லை. தன் முட்டைக் கொத்தைத் தேடி நீந்தினாள். நீந்தினாள் என்றா சொல்வது, ஒரு கால் இழுத்தது, ஒரு கால் இழுக்கவில்லை. ஓரத்துக்கு வந்து சேர்ந்தபோது கொத்து அங்கேயேதான் இருந்தது. ஓர் அட்டைகூட அதன்மேல் இல்லை.

ஆனால் உருண்டையாக இருந்த சவ்வுகள் பள்ளம் பள்ளமாக உள்ளே ஒடுங்கியிருந்தன. கறுப்பு மணிகள் மிளகு மாதிரிச் சுருங்கியிருந்தன. ஒன்றைத் தொட்டாள். சவ்வு கசங்கி அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

அவள் தலையைத் தூக்கினாள். "அண்ணே!" என்று கூப்பிட்டாள்.

கருவாலன் மென்றுகொண்டே குனிந்து பார்த்தது.

"பொய் சொல்லிட்டீங்களே அண்ணே."

"நானா? எங்கே, அந்தக் கல்லைப் பத்தி ஒரு பொய்யைக் காட்டு பாக்கலாம். அட்டை ஒண்ணு மிஞ்சாதுன்னேன். மிஞ்சுச்சா? மானுக்கு ஒண்ணும் ஆகலைன்னேன். ஆச்சா?" வாயைத் துடைத்துக்கொண்டது. "உங்களுக்கு ஆகுமா ஆகாதான்னு நீ கேட்டே. நான் மானைப் பத்திச் சொன்னேன். நீ அதையே பதிலா எடுத்துக்கிட்டே. ஊற்றை அடைச்சது யாரு தங்கச்சி? நானா அடைச்சேன்?"

அந்த முன்கோபக்காரிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கும் உடம்பில் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமல்லவா?

முட்டைக் கொத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். தன் உடம்பின் ஈரத்தை அதற்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் உடம்பிலும் ஈரம் இல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"சுருளி," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "டேய் சுருளி, இருக்கியா?"

மேலே பாறை மடிப்பில் ஓட்டின் வாசல் கொஞ்சமாகத் திறந்தது.

"இருக்கேன் அக்கா."

"எனக்குக் கண்ணு தெரியலை. நீ பாத்துச் சொல்லு. என் பிள்ளைங்க எப்படி இருக்கு?"

சுருளி கண்கொம்பை நீட்டிக் கீழே பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. வழக்கத்தைவிடவும் அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

"நல்லா இருக்கு அக்கா," என்றது. "தூங்குது."

"அட்டை இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லை."

மரகதம் முட்டைக் கொத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அசையவில்லை.

நத்தை வாசலை மூடிக்கொண்டது.

விளிம்பில் இருந்த கருவாலன் எழுந்து சோம்பல் முறித்தது. உப்புக்கண்டம் தின்ற வாய்க்குத் தாகம் எடுத்தது. குனிந்து சுனையைப் பார்த்தது. அந்தத் தண்ணீரில் அது வாய் வைக்கவில்லை. வெகுதூரத்தில் ஓர் ஓடை உண்டு. அதை நோக்கி, வயிறு தரையில் இடிக்க, மெதுவாக நடந்து போனது.

நீதி: பகைவனும் நீயும் ஒரே தண்ணீரில் இருக்கும்போது, அவனுக்கென்று நீ கலக்கும் நஞ்சு ஆள் பார்த்து இறங்காது.